பேட்டரி சார்ஜரும் வாட்ச்மேன் வீட்டு ஜன்னலும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம். ஹைதராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி என்றால் பாதி ஊர் பிரியாணிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரம், அதனால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று நம்பித்தான் போனேன். முடியவில்லை. செயலாளர் ஒரு தீர்மானத்தை வாசித்தார். இனிமேல் செல்லாரில் யாரும் எந்த பேட்டரிக்கும் சார்ஜ் போடக்கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். (இந்த ஊரில் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்கு செல்லார் என்றுதான் பெயர். பேஸ்மெண்ட் என்று சொன்னால் 'எங்க சார்?' என்பார்கள்.)

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். தங்கமணி பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். இந்த விஷயத்தில் நான் பேசத் தகுதியானவன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும்.

2020 ஜூன். மார்ச் கடைசியில் செல்லாரில் நிறுத்திய காரை நான் தொடவே இல்லை. பொட்டி தட்டுவதெல்லாம் வீட்டில் இருந்தே. அப்போதுதான் ஊரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று போன். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், நான் பக்கத்தில் இருந்தால் தேவலை என்றார்கள். தமிழ்நாட்டுக்குள் நுழைய அப்போது இ-பாஸ் வேண்டும். இரண்டு முறை நிராகரித்து, மூன்றாவது முறை ராத்திரி எட்டு மணிக்குப் பாஸ் வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு ஊரடங்கு விலகியதும் கிளம்பிவிட வேண்டும் என்று திட்டம். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஏறுகிற அதே 44-ம் எண் நெடுஞ்சாலைதான் கர்னூல், அனந்தபூர், பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி வரைக்கும் போகிறது. ரோடு நேராக அம்மாவிடம் போகிறது என்ற நினைப்பே அன்றைக்கு ஒரு தெம்பு.

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றுகூட சத்தம் இல்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

இது ஏன் நடந்தது என்று இப்போது கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. நிறுத்தி வைத்த கார் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் பெட்டி என்று ஏதாவது ஒன்று சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பல கார்களில் இது 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை. 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 21 சொச்சம். என் காரில் இருந்தது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலி. நான் நிறுத்தி வைத்தது ஏறக்குறைய எண்பது நாள். தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சரியாக மூடாமல் ஊருக்குப் போன கதைதான்.

மூன்றாவது மாடியில் ஒரு தெலுங்குக்காரப் பெரியவர். நல்ல மனுஷர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஐந்து கிலோ இருக்கும், முள் ஆடும் ஆம்பியர் மீட்டர், இரண்டு முதலைக் கிளிப். 'ராத்திரி போட்டுட்டு தூங்கு, காலைல ரெடி' என்றார். போட்டேன். எலி ஏறிவிடும் என்று பயந்து, வயர் நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு பானெட்டை இறக்கி வைத்தேன். பொறியியல் படித்தவன் செய்த வேலை இது, குறித்துக்கொள்ளுங்கள்.

காலை நாலரை மணிக்கு இறங்கினேன். செல்லாரில் டியூப் லைட் எரியவில்லை. எங்கள் வாட்ச்மேன் எழுந்து வந்து செல்போன் வெளிச்சம் பிடித்தார். பானெட்டைத் தூக்கிய உடனே, அவசரத்தில், சுவரில் சுவிட்சை அணைக்காமல் சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினேன். ஒரு பொறி. அடுத்த நொடி லட்சுமி வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பேட்டரியின் மேல்மூடி பிளந்து அமிலம் தெறித்தது. என் கையிலும் சட்டையிலும் கொஞ்சம். குனிந்து வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த அவர் முகத்தில், இடது கண்ணிலும் சேர்த்து, நிறைய.

அன்றைக்கு அவர் கண் பிழைத்ததற்கு நான் காரணம் இல்லை. அவர் மனைவிதான். செல்லாரின் மூலையில் அவர்களுடைய அறை, வாசலில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, சொம்பு சொம்பாக, இருபது நிமிடம் நிறுத்தாமல் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடத் தேய்க்க விடவில்லை. பிறகு வேறொருவர் காரில் கண் ஆஸ்பத்திரி. கருவிழியில் மேலோட்டமான காயம், மூன்று வாரம் சொட்டு மருந்து, பார்வைக்குச் சேதம் இல்லை. தண்ணீர் ஊற்றாமல் நேராக ஓடி வந்திருந்தால் வேறு கதை என்று அங்கே சொன்னார்கள்.

நான் மறுநாள்தான் புதுப் பேட்டரி போட்டுக் கிளம்பினேன். அம்மாவுக்கு என் சித்தி மகன் கையெழுத்துப் போட, ஆபரேஷன் நான் சேலம் தாண்டும்போதே முடிந்துவிட்டது.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். கோவில்பட்டியில் என் தாய்மாமா பேட்டரி கடை வைத்திருந்தார். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி எல்லாம் மர பெஞ்சில் வரிசையாக இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர். கடைக்குள் போனாலே மூக்கில் ஒரு புளிப்பு நெடி. மாமா கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி கிராவிட்டி பார்ப்பார், 1.250-க்கு மேல் மிதவை நின்றால் 'ஏறிட்டு' என்பார். எந்த மழையிலும் ஜன்னலைச் சாத்த மாட்டார். பீடியோடு வாசல் ஏறினால் தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல் திட்டு விழும். லீவுக்குப் போன எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: 'மருமவனே, சுவிட்சைத் தொட்ட பொறவுதான் கிளிப்பைத் தொடணும்.' 2020-ல் ஊருக்குப் போனபோது என் சட்டையில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவர் கேட்டது, 'பருத்திச் சட்டையாக்கும்? பாலியஸ்டர் போட்டிருந்தா சட்டையாவது மிஞ்சிருக்கும்ல?' அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அங்கே வெடித்தது என்ன? கார் பேட்டரி என்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்துகாட்டிய அதே அடிப்படைதான் இன்றைக்கும் உங்கள் பானெட்டுக்குள் இருக்கிறது. சார்ஜ் ஏறி முடிகிற கட்டத்தில், உள்ளே போகும் மின்சாரத்துக்கு வேறு வேலை இல்லாமல் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியும் அதிகமாக ஏற்றினால் ஓட்டை வழியாக வாயு விடும். அந்தப் பழைய சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. ஏழு ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் என்றால் 56 ஆம்பியர்-மணி. 35 பிடிக்கிற பாத்திரத்தில் 56 ஊற்றினேன். வழிந்தது வாயு. பானெட்டை மூடி அதைச் சேமித்தும் வைத்தேன். கடைசியில் தீக்குச்சியும் நானே கொளுத்தினேன்.

அதனால் முதல் விஷயம், சார்ஜர். தானாக நிறுத்திக்கொள்ளத் தெரிந்த சார்ஜர் வாங்குங்கள். முதலில் சீரான மின்னோட்டம், பிறகு 14.4 வோல்ட் பக்கம் பிடித்து வைப்பது, நிறைந்ததும் 13.5-லிருந்து 13.8 வரை இறங்கிப் பராமரிப்பது, இதைத்தான் அட்டைப் பெட்டியில் 'ஸ்மார்ட்', 'மூன்று நிலை' என்று எழுதுகிறார்கள். எத்தனை ஆம்பியர் என்றால், பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 35-க்கு மூன்றரை, 60-க்கு ஆறு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். தெருமுனைக் கடையில் 'அர மணி நேரத்துல ஏத்தித் தர்றேன் சார்' என்றால் 25, 30 ஆம்பியரில் சுட வைக்கப் போகிறார் என்று அர்த்தம். வண்டி நகர வேண்டிய அவசரம் என்றால் சரி. பழக்கமாக்கினால் தகடு வளைந்து பேட்டரி ஆயுள் போகும். ராத்திரி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிற கடைக்காரர்தான் நல்லவர்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. முழுசாகச் செத்துப்போன பேட்டரியை ஸ்மார்ட் சார்ஜர் பல நேரம் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளாது. சில மாடல்களில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். இல்லையென்றால் கடைக்கே கொடுத்துவிடுவது உத்தமம். பத்து வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த பேட்டரி முழுசாகத் திரும்பி வருவது அபூர்வம்.

இரண்டாவது, வரிசை. என்ஜினும் விளக்குகளும் அணைந்திருக்க வேண்டும். சுவர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்று அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினனைக் கேட்டால் தெரியும், அங்கே பெரும்பாலும் கிடையாது. சிவப்பை பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை, பேட்டரி காரிலேயே இருந்தால், மைனஸ் முனையில் வேண்டாம். கொஞ்சம் தள்ளி என்ஜின் பக்கமோ பாடியிலோ பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசிப் பொறி பறந்தாலும் வாயு இருக்கிற இடத்தில் பறக்காது. சிக்னலில் தானாக அணையும் புதிய கார்களில் மைனஸ் முனையில் ஒரு சென்சார் இருக்கும், அவற்றுக்கும் இதுதான் முறை. அதன் பிறகு சுவிட்ச் போடுங்கள். எடுக்கும்போது தலைகீழ். சுவிட்ச், கறுப்பு, கடைசியில் சிவப்பு. பானெட் முழுசாகத் திறந்திருக்கட்டும். எலியைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

பேட்டரியைக் கழற்றுவதாக இருந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் கடைதான். கை மோதிரம், வாட்ச், தொங்கும் சங்கிலி எல்லாம் கழற்றி வையுங்கள். நம் வீடுகளில் கல்யாண மோதிரத்தைக் கழற்றுவது பெரிய சமாச்சாரம், தெரியும். ஆனால் ஒரு ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிய தங்கம் ஒரு நொடியில் எலும்பு வரைக்கும் சுடும். கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. நூறு ரூபாய்கூட ஆகாது. பக்கெட் நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆப்பச் சோடா தரையில் சிந்திய அமிலத்துக்கு நல்லது, நுரைத்து அடங்கும். கண்ணுக்கு அது ஆகாது, கண்ணுக்கு வெறும் தண்ணீர் மட்டும், இருபது நிமிடம்.

மூன்றாவது, வெயில். இதை நம் ஊர்க்காரர்கள் யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டுக் குறிப்பேடுகள் எல்லாம் குளிரைப் பற்றியே எழுதும். குளிரில் பேட்டரி படுத்துக்கொள்ளும், காலியான பேட்டரி உறைந்தும் போகும். டொரண்டோ பக்கம் இருக்கும் சொந்தங்கள் உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிடாதீர்கள், உருகிய பிறகுதான். ஆனால் பேட்டரியைக் கொல்வது வெயில்தான். மே மாதம் ஹைதராபாத்தில் 42 டிகிரி, பானெட்டுக்குள் அதைவிட அதிகம். துபாய், தோஹாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சார்ஜரில் எழுதியிருக்கும் 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. 40 டிகிரியில் சுமார் 0.3 வோல்ட் குறைவாகக் கொடுத்தாலே போதும். வெப்பத்தை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மத்தியான வெயிலில் போடாதீர்கள். ராத்திரி போடுவதாக இருந்தால், தூங்குவதற்கு முன் நிற்கும்படி ஒரு டைமர் சுவிட்ச்.

எப்போது போடுவது? ஒரு மல்டிமீட்டர், சில நூறு ரூபாய், வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 அல்லது மேலே என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் அன்றைக்கே போட வேண்டும், பாதி வயிற்றில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் குற்றவாளி பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். இதைப் பார்க்காமல் இரண்டு பேட்டரி மாற்றிய நண்பர் ஒருவர் கச்சிபௌலியில் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

ஊரடங்கு சமயத்தில் எல்லோருக்கும் வந்த வாட்ஸப் அறிவுரை: தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள். என் கருத்தில் அது தண்டம். ஸ்டார்ட் செய்ய எடுத்ததை ஐடிலிங்கில் ஓடும் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்கவே நேரம் பிடிக்கும், நடுவில் ஏசியும் போட்டால் தீர்ந்தது. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஓட்டப் போவதில்லை என்றால் சார்ஜர் போடுங்கள். இரண்டும் முடியாது, மூன்று மாதம் ஊருக்குப் போகிறோம் என்றால், மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம்.

இன்னொரு வழக்கம். மூடி திறக்கிற பழைய வகை பேட்டரியில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது. அது வாலை வடித்த நீர் மாதிரிதானே என்கிறார்கள். ஏசி காயிலின் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வரும் நீர் அது. ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் எந்த பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். அதையும் சார்ஜ் போட்ட பிறகு ஊற்றுங்கள், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னாடியே. அமிலத்தை எந்தக் காலத்திலும் நீங்களாக ஊற்றாதீர்கள். செத்த பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளர்தான் திரும்ப எடுக்கப் பொறுப்பு. கடையில் எடைக்குக் காசும் கழிப்பார்கள். சந்துக்குள் ஈயம் உருக்குகிற இடத்தில் அது போய்ச் சேர்ந்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே விளையாடுகிற குழந்தை.

இப்போது கூட்டத்துக்குத் திரும்புவோம். தீர்மானம் கொண்டுவந்தவர் பயந்தது என் கார் பேட்டரிக்காக அல்ல. எங்கள் கட்டிடத்தில் இப்போது பதினோரு மின்சார ஸ்கூட்டர். அவர் பயம் நியாயமானது. 2022 செப்டம்பர் 12 ராத்திரி செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜின் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். சிலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அதே வருஷம் மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் பற்றி, ஒரு அப்பாவும் மகளும் மூச்சுத் திணறிப் போனார்கள். ஏப்ரலில் நிஜாமாபாத்தில் வீட்டுக்குள் கழற்றிக் கொண்டுவந்து சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து எண்பது வயதுப் பெரியவர் ஒருவர். அதற்குப் பிறகுதான் அரசு பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச் கடைசியிலிருந்தும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தது. புதிய வண்டிகள் தேவலை. பழசு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லித்தியமும் ஈயமும் வேறு வேறு ஜாதி. ஈய பேட்டரியின் ஆபத்து வாயுவும் அமிலமும். காற்றும் கவனமும் இருந்தால் சமாளிக்கலாம். லித்தியம் உள்ளுக்குள் சூடேறினால் நிறுத்த முடியாது, புகையே ஆளைக் கொல்லும். அங்கே அணைக்கிறேன் என்று நிற்கக்கூடாது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101-ஐ அழைக்க வேண்டும். ஒன்றின் சார்ஜரை மற்றதுக்குப் போடுவது தற்கொலை. பன்னிரண்டு வோல்ட் என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் சரி. (மின்சாரக் கார் வாங்கியாச்சு, நமக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு: பல மின்சாரக் கார்களுக்குள்ளும் ஒரு குட்டி ஈய பேட்டரி இருக்கிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கதவுகூடத் திறக்காது போகலாம். :-) )

அப்படியென்றால் தடை நல்லதுதானே என்றார் செயலாளர். இல்லை என்றேன். நீங்கள் அபராதம் போட்டால் பதினோரு பேரும் ஸ்கூட்டரை விற்கப் போவதில்லை. பேட்டரியைக் கழற்றி லிஃப்டில் ஏற்றி, ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கப் போடுவார்கள். தீ பிடித்தால் தப்பிக்கிற ஒரே வழியில். நிஜாமாபாத்தில் நடந்தது அதுதான், வீட்டுக்குள். கார்க்காரர்களோ பால்கனியிலிருந்து கயிறு மாதிரி எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிடுவார்கள். தடை ஆபத்தைக் குறைக்காது, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தும்.

நான் கேட்டது வேறு. செல்லாரின் சரிவுப் பாதைக்கு மேலே, கேட்டுக்கு இடதுபுறம், மேலே தகரக் கூரையும் மூன்று பக்கமும் காற்றும் உள்ள ஓர் இடம் சும்மா கிடக்கிறது. பழைய சைக்கிள்கள் நிற்கின்றன. அங்கே தனி மீட்டர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., டைமர், நாலு பாயிண்ட். ஸ்கூட்டரோ காரோ அங்கே மட்டும் சார்ஜ். ராத்திரி பத்து மணிக்கு மேல் லித்தியத்துக்கு மின்சாரம் கிடையாது, யாரும் பார்க்காத நேரத்தில் ஓடக்கூடாது. செலவு பதினோரு ஸ்கூட்டரும் கார் வைத்திருக்கிற எல்லோரும் பங்கு.

'இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு, பர்வாலேது, செல்லார்லயே ஒரு மூலை ஒதுக்கலாமே' என்று ஒருவர் சொன்னார். எந்த மூலை என்று கேட்டேன். காலியாக இருக்கும் மூலை எது என்று எல்லோருக்கும் தெரியும். வாட்ச்மேன் அறையை ஒட்டியது.

பத்துக்கு எட்டு அறை. ஒரே ஜன்னல், அதுவும் செல்லாருக்குள்ளேதான் திறக்கிறது. என் கார் நிற்கிற இடத்திலிருந்து ஆறடி. ஹைதராபாத்தில் எந்த அபார்ட்மெண்டில் பார்த்தாலும் இதே ஏற்பாடுதான், கணவன் கேட், மனைவி நாலைந்து வீட்டில் வேலை, பிள்ளைகள் கார்களுக்கு நடுவே ஹோம்வொர்க். எங்கள் வாட்ச்மேன் மஹபூப்நகர் பக்கம். வறட்சியில் ஊரே கூலிக்குக் கிளம்பிப் போகும் மாவட்டம் என்று பெயரெடுத்த இடம். நான் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தவன், அவர் நூறு கிலோமீட்டர். அதே 44-ம் எண் ரோடுதான் இரண்டு பேருக்கும். வேடிக்கை பாருங்கள், 1977-ல் ஹைதராபாத் பேட்டரீஸ் என்று தொடங்கிய கம்பெனி உள்ள ஊர் இது. திருப்பதி பக்கத்து அமர ராஜாவும் லித்தியம் தொழிற்சாலைக்கு இடம் பிடித்தது அவர் மாவட்டத்தில், திவிடிப்பள்ளியில், 2023-ல் அடிக்கல். பேட்டரி அவர் ஊருக்கும் போய்விட்டது, அவர் இன்னும் எங்கள் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் தூங்குகிறார்.

நாங்கள் எல்லோரும் மாடியில். எதை எரித்தாலும் வெடித்தாலும் முதல் மூச்சு அந்த ஜன்னலுக்குத்தான் போகும். 2020-ல் என் அவசரத்துக்கான விலையை என் கண் கொடுக்கவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அறை கட்டிக் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, 'அப்புறம் ராத்திரி கேட் யார் திறப்பாங்க?' என்று பதில் வந்தது. ஒரு காலிங் பெல் வயருக்கு என்ன செலவாகும் என்று நான் கேட்டபோது தங்கமணி மறுபடி சட்டையை இழுக்கவில்லை. அவரும் கையைத் தூக்கினார். பிறகு மூன்றாவது மாடிப் பெரியவர், அந்த ஐந்து கிலோ சார்ஜர்காரர், மெதுவாகத் தூக்கினார்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. பிரியாணி வந்துவிட்டது. கேட்டுக்கு இடதுபுறம் அளந்து பார்த்து எஸ்டிமேட் கொடுக்க வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். மாடி அறைக்கு மேஸ்திரி யாரும் இன்னும் கிடைக்கவில்லை, அதை நான் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியனும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. உங்கள் காரோடு வந்த புத்தகத்தில் பேட்டரி பக்கத்தையும் சார்ஜரோடு வந்த தாளையும் படித்துவிட்டுத்தான் கிளிப்பைக் கையில் எடுக்க வேண்டும். ஜெல், ஏ.ஜி.எம். வகைகளுக்கு வோல்ட் கணக்கு மாறும். அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் இப்போது என் மாமா கடையில் இருக்கிறது, மீட்டர் முள்ளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காயலானுக்குப் போட்டுவிட்டாராம்.